இருபத்திரண்டாம் எண்ணுக்கு ஒரே ஷீல்டு

ஹார்லோ ஃபோர்க், நெப்ராஸ்கா
டிசம்பர் 7, 1986, ஞாயிறு

அன்பும் மரியாதையும் நிறைந்த வெர்னன் அத்தானுக்கு,

எல்டன் எழுதுவது. நானும் மார்லீனும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் உங்கள் மூட்டுவலியும் டாரிஸ் அக்காவின் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. போன வாரம் விருந்துக்குக் கோழியா மாட்டிறைச்சியா என்று நம் கல்லூரி ஃபுட்பால் ரசிகர் மன்றத்தார் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்ட கடுப்பில், "இந்தத் தலைவர் பதவி எனக்கு வேண்டாம், வந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் வர வேண்டாம். விருந்து இன்று மத்தியானம் முடிந்தது. மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது. நடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், படித்ததும் இதையும் கிழித்துவிடுங்கள்.

பருவத்தின் சிறந்த ஆட்டக்காரனை ஊரே தேர்ந்தெடுக்கட்டும் என்று என் கடை வாசலில் ஓட்டுச்சீட்டுப் போடப் பால் கேனை வைத்த புண்ணியவான் நீங்கள்தான். சீட்டில் பெயர் எழுதச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் தப்பாக எழுதுவார்கள், சட்டை எண் மட்டும் போதும் என்றதும் நீங்கள்தான். பத்தொன்பது வருடம் நடத்தினீர்கள், ஒரு தடவையும் கோளாறு வரவில்லை. நான் எடுத்த முதல் வருடமே வந்தது. இந்த வருடம் யாரைக் கேட்டாலும் லமாண்ட் டோலிவர்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினானென்றால் எதிரணிக்காரன் கைக்குச் சட்டை நுனிகூடச் சிக்காது. கேனில் விழுந்த அறுநூற்றுச் சொச்சம் சீட்டில் பாதிக்கு மேல் 22. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தீவன லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது, நான் மார்லீனிடம் "இருபத்திரண்டாம் நம்பர் பையன் வீட்டுக்கு அழைப்பு எழுதிடு, ஷீல்டுல பேர் வெட்டச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

இன்று பதினோரு மணிக்கு சர்ச் ஹால் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கிறேன், மாடு ஏற்றுகிற ட்ரக் ஒன்றும் பின்னால் இரண்டு காரும் வந்து நிற்கின்றன. பதினேழு பேர் இறங்குகிறார்கள். எல்லோர் முதுகிலும் 22. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு வட்டத் தட்டில் சுட்ட பலகாரம், ஆப்பிள் பை, செர்ரி பை, பூசணி பை என்று பேக்கரியே வந்து இறங்கினாற்போல. முன்னால் வந்தவர் கதவு உயரம் இருந்தார். என் கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் கடிகாரம் முழங்கைக்கு ஏறிவிட்டது.

"ஆர்வின் ஹாக்மன். வெண்டலோட அப்பா. ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வரோம். உங்க லெட்டரை பிரேம் போட்டாச்சு, பாருங்க!"

எந்த வெண்டல் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை அத்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போய் மார்லீனைப் பிடித்தேன்.

"யாரு இந்த வெண்டல்?"

"இருபத்திரண்டு. அணிப் பட்டியல்ல இருந்துச்சு, எழுதினேன்."

"இருபத்திரண்டு லமாண்டுடீ!"

"அவனும் இருபத்திரண்டா? பட்டியல்ல மேலே இருந்தது ஹாக்மன். கீழே இன்னொண்ணு இருக்குன்னு நீ சொன்னியா? மூட்டை இறக்க ஓடினவன் நீதானே?"

கல்லூரி ஆட்டத்தில் ஒரே நேரத்தில் மைதானத்தில் நிற்காதவரை இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும் தெரியும், மறந்துபோனேன். உதைக்கிறவன் ஓடி வந்து உதைப்பதற்கு வாகாக மண்டிபோட்டுப் பந்தைத் தரையில் நட்டுப் பிடிப்பானே ஒருவன், அவன்தான் வெண்டல். நான்கு வருடமாக அந்த ஒரு வேலை. அவன் தப்பு செய்தால்தான் ஒலிபெருக்கியில் பெயர் வரும். அவன் தப்பே செய்ததில்லை, அதனால் யாருக்கும் தெரியாது.

இதற்குள் கன்சாஸ் சிட்டியிலிருந்து லமாண்டின் அம்மா எர்னஸ்டின் டோலிவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பையனுக்குத்தான் ஷீல்டு என்று கோச் டன்லீவி வாயாலேயே போனில் சொல்லியிருக்கிறார். மேடையில் ஒரே ஷீல்டு. அதில் வெண்டல் ஹாக்மன். நான் வெண்டலைச் சமையலறைக்குள் இழுத்துப்போனேன்.

"தப்பா வந்திருக்குன்னு லெட்டர் விஷயம் கேட்டப்பவே தெரியும் சார்" என்கிறான் பையன், காலணியைப் பார்த்தபடி.

"அப்ப ஏன்டா வாயைத் தொறக்கல?"

"போன்ல எங்கப்பா அழுதாரு சார். போன வருஷம் பனியில நாப்பது மாடு செத்துச்சு, அப்பக்கூட அழாதவரு. நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லிடுங்க சார்."

நான் சொல்வதா! டிராக்டர் விற்கத் தெரியும், விற்ற டிராக்டர் ஓடவில்லையென்றால் திட்டு வாங்கத் தெரியும், பிரேம் போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்க எனக்குத் தெரியாது. திரும்பினால் கதவருகே எர்னஸ்டின் அம்மா.

"மிஸ்டர் ராப், மேடையில இருக்கிற ஷீல்டைப் படிச்சுப் பார்த்தேன். என் பையனுக்கு எப்ப ஹாக்மன்னு பேர் மாத்தினீங்க?"

பொய் சொன்னால் இந்த அம்மாவிடம் நிற்காது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சொந்தமாக சலூன் நடத்துகிறவர், ஆளை எடைபோடுகிற கண். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஹாலை எட்டிப் பார்த்தார். அங்கே ஆர்வின் தன் பிரேமை லமாண்டிடமே காட்டிக்கொண்டிருக்கிறார், லமாண்ட் "வாழ்த்துகள் சார், வெண்டல் கெட்டிக்காரன்" என்று தோளைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

"எங்க வீட்டுல ஒன்பது ஷீல்டு கிடக்கு" என்றார் அந்த அம்மா. "ஒண்ணைக் கதவு அடிக்காம இருக்க முட்டுக்கொடுத்திருக்கேன். இது ஒண்ணு வரலேன்னு என் பிள்ளை இளைச்சுடமாட்டான். ஆனா வர வழியில என் கார் மூணு தடவை வழுக்கிச்சு. எதிர்ல இருக்கிறது உங்க கடைதானே? பனி டயர் விக்கிறீங்க போல."

"பின்னாடி ரெண்டு மாத்தினாப் போதும்மா."

"அப்ப முன்னாடி ரெண்டும் உங்களை நெனச்சுக்கிட்டே ஓடுமா? நாலு. பேலன்ஸிங்கோட."

முப்பது வருட வியாபாரத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. மன்றத்துக்காரன் ஆடுகிற பிள்ளைக்கோ அவன் வீட்டாருக்கோ ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாலும் விதிப்படி அந்தப் பிள்ளையை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள், அது ஒன்றுதான் உறுத்தியது. ஆனால் லமாண்டுக்கு இது நான்காவது வருடம், அதற்குமேல் யாரையும் ஆட விடமாட்டார்கள், ஆட வேண்டியதெல்லாம் ஆடிவிட்டான், இனி என்ன? கோழி சாப்பிட்டு முடித்து அந்தப் பலகாரம் வருவதற்குள், இருக்கிற ஒரே கோட்டு சூட்டோடு, பனியில் மல்லாந்து படுத்து நாலு டயர் மாற்றினேன் அத்தான். முதுகெல்லாம் நனைந்து மேடையேறினேன்.

"பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர், எண் இருபத்திரண்டு, வெண்டல் ஹாக்மன்!" என்றேன். பாஸ்டர் கையிலிருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. என் கடைக்கு நாளை எத்தனை கல் வரும் என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன், லமாண்ட் எழுந்தான்.

"நான் ஓடினதை எல்லாரும் பார்த்தீங்க. இவன் பந்து நட்டதை எவனாவது பார்த்தீங்களா? நாலு வருஷம், ஒண்ணு நழுவல. பார்க்காததுக்குச் சேர்த்துக் கைதட்டுங்கப்பா!"

உடனே அணியிலுள்ள குண்டுப் பையன்களெல்லாம் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் ஊரே. ஆர்வின் பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினேழு பேரும் அழுதார்கள், பதினெட்டாவதாக மார்லீனும். பனி வலுத்ததால் இரண்டு குடும்பமும் இன்று ஊர் மோட்டலிலேயே தங்கிவிட்டன. டயர் விஷயம் வெளியே எவருக்கும் தெரியாது. தொழில் தெரிந்தவன் கையில் கொடுத்தால் எதுவும் கெட்டுப்போகாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன், நீங்களும் மெச்சலாம். பதவியை நானே வைத்துக்கொள்கிறேன்.

டாரிஸ் அக்காவுக்கு என் முத்தங்கள். உங்கள் முட்டி வலியில்லாமல் மடங்கட்டும், தோட்டத்து எலுமிச்சை நிறையக் காய்க்கட்டும், இந்தப் பக்கத்துப் பனி ஒரு துளியும் உங்களை எட்டாதிருக்கட்டும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
எல்டன் ராப்

பி.கு. (திங்கள் காலை): உறையை ஒட்டப்போன நேரத்தில் கோச் டன்லீவி போன் செய்தார். லமாண்ட் முதல் வருடம் முழங்கால் அடிபட்டு ஆடவே இல்லையாம், அந்த வருடம் கணக்கில் வராதாம், அடுத்த பருவமும் ஆடலாமாம். "அவனுக்கு யாரும் எதுவும் குடுத்துடலையே எல்டன்?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு மோட்டலுக்கு ஓடினேன்.

அங்கே காருக்கடியிலிருந்து இரண்டு நீளக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆர்வின் ஹாக்மன். மூன்று டயர் கழற்றி, டிக்கியில் கிடந்த பழசை மாட்டியாயிற்று, நான்காவது நடக்கிறது. பக்கத்தில் எர்னஸ்டின் அம்மா காப்பியோடு நின்று "அந்த நட்டை இன்னும் இறுக்குங்க" என்று அதட்டுகிறார். காலைச் சாப்பாட்டில் லமாண்ட் அடுத்த வருட ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்க, அந்த அம்மா பதறி ஆர்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். புது டயர் ஹாலிலிருந்து மோட்டல் வரைக்கும்தான் உருண்டிருக்கிறது. காரின் முன் கண்ணாடி ஓரத்தில் அந்த ஷீல்டு, பெயரின் மேல் மாட்டுக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டி, அதில் லமாண்ட் என்று பேனாவால் எழுதியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்வின் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நான் மாடு வளர்க்கிறவன், மிஸ்டர் ராப். கண்காட்சியில எந்த மாட்டுக்கு ரிப்பன் விழும்னு எனக்குத் தெரியாதா? லெட்டரை ரெண்டாந்தரம் படிச்சப்பவே சந்தேகம். இருந்தாலும் அவன் பேரை ஒரு தடவை மைக்குல சொல்லிக் கேட்கணும்னு ஆறு மணி நேரம் வந்தேன். கேட்டாச்சு. ஷீல்டு அவங்களுது."

ஆக ஊரில் ஏமாந்தவன் நான் ஒருவன்தான். மேலே என்னை நானே மெச்சிய வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள், அடுத்த விமானத்தில் வந்து பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். கேனை மட்டும் நான் கொடுக்கமாட்டேன், அடுத்த வருடம் அதில் பெயரும் எழுதித்தான் போட வேண்டும். டயரைப் பற்றிக் கவலை வேண்டாம். தன் மனைவியின் காருக்கு அளவு சரியாக இருக்கிறது என்று நான்கையும் ஆர்வினே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். அவருக்காக என்னிடம் பேரம் பேசியது எர்னஸ்டின் அம்மா. எனக்கு அசல்கூடத் தேறவில்லை.