மன்றத்துக் கேமராவும் இருதயராஜின் மூக்கும்

மொழியைக் காத்த மன்றங்கள் உண்டு. பண்பாட்டைக் காத்த மன்றங்களும் உண்டு. ஆனால் ஒரு மூக்கிடமிருந்து ஒரு கேமராவைக் காத்த பெருமை, உலகிலேயே புனே கட்கி தென்றல் தமிழ் மன்றம் ஒன்றுக்குத்தான் உரியது.

மேற்படி சம்பவம் 2006 பொங்கல் விழாவில் நடந்தது. மன்றம் அப்போதுதான் பெரிய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியிருந்தது. ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இருதயராஜிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு இடது கண்ணில்தான் பார்வை கூர்மை. இடது கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் மூக்கு எங்கே போகும்? கேமராவின் முதுகிலுள்ள பொத்தான்கள் மேல்தான் போய் உட்காரும். இருதயராஜின் மூக்கோ தயக்கம் அறியாதது.

அன்று அது அழுத்தியது, ஃபோகஸ் எங்கே விழவேண்டும் என்று தீர்மானிக்கும் பொத்தானை. அந்த இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. கேம்ப் பகுதி ஸ்டுடியோவிலிருந்து பிரிண்ட் வந்தபோது மன்றமே அதிர்ந்தது. குத்துவிளக்கருகே நடுநாயகமாக நின்ற செயலாளர் லக்ஷ்மிநாராயணன், பதினேழு வருடங்களாகப் போட்டியின்றித் 'தேர்ந்தெடுக்கப்பட்டு' வருபவர், பனிமூட்டம்போல விழுந்திருந்தார். அவருக்கு வெகு பின்னால், சமையலறை வாசலில் கரண்டியோடு எட்டிப் பார்த்த அந்தோணியம்மாள், இமைமுடியை எண்ணலாம்போல விழுந்திருந்தாள். இருபத்தெட்டு வருடங்களாக மன்றத்துக்குப் பொங்கல் கிண்டுகிறவள் அவள்.

அவசரக் கூட்டம் கூடியது. இணைச் செயலாளர் வசந்தகுமார் பேனாவைத் திறந்தார்.

"மூக்கு வேணும்னே அழுத்திச்சா, தெரியாம அழுத்திச்சா?"

"மூக்குக்கு என்ன சார் தெரியும்?"

"பதிலை எழுத்துமூலமா குடுங்க."

"யாரு சார், நானா, மூக்கா?"

"ரெண்டு பேரும்."

செயலாளர் கையை உயர்த்தி அமைதி காக்கச் சொன்னார். "தனிப்பட்ட முறையில எனக்கு வருத்தமே இல்ல. ஆனா மங்கலா விழுந்தது நானில்லையே, மன்றமாச்சே!"

பிரிண்ட் கிழிக்கப்பட்டு, அந்தப் படம் மெமரி கார்டிலிருந்தும் ஒருமனதாக அழிக்கப்பட்டது. 'தற்செயல் மாற்றத் தடுப்புத் துணைக்குழு' ஒன்று உதயமாகி, நான்கு முறை கூடி, வடாபாவும் சாயும் சாப்பிட்டு ஆழ்ந்து சிந்தித்தது. சிவப்புப் புள்ளியை நடுவில் நிறுத்தி, பொத்தான்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டப்பட்டது. டேப்பை உரிக்க விரும்புவோர் மூன்று நாள் முன்னதாக மனுச் செய்ய வேண்டும்.

"சார், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்துலயே குட்டியா ஒரு நெம்புகோல் இருக்குது. திருப்பி வச்சா பூட்டிக்கும். மூக்கு என்ன, முழங்கை பட்டாக்கூட நகராது" என்றார் இருதயராஜ்.

"கேமராவோட வந்த புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கா?" என்றார் வசந்தகுமார்.

"புத்தகம் அழுக்காயிடும்னு நீங்கதானே பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்க. நான் கையால தடவிப் பாத்தேன்."

"துணைக்குழு இருக்கும்போது கையால தடவலாமா?"

இருதயராஜ் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு அந்தோணியம்மாள் அவர் வீட்டுக்கு வந்தாள். பொங்கல் முடிந்ததும் வேலூரில் மகனோடு இருக்கப் போகிறாள், திரும்பி வரமாட்டாள்.

"ஏம்பா ராஜு, போன வருசம் எடுத்தியே, அந்தப் படம் ஒண்ணு குடேன்."

"அத அழிச்சிட்டாங்கக்கா."

"அரே, நா என்னா கெட்டது பண்ணேன்? இத்தினி வருசப் படத்துலயும் என் கையிதான் இருக்குது, கரண்டியோட. கட்கில இருந்தேன்னு காட்டிக்க ஒரு மூஞ்சி வேணாவா?"

"இந்த வருசம் உங்களுக்குப் பொன்னாடை போத்தறாங்க இல்ல? அதுல எடுத்துக் குடுக்கறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மன்றத்துப் பொன்னாடைகளை அவர் அறிவார். போர்த்துகிறவர் கேமராவைப் பார்ப்பது மன்றத்தின் மரபு. போர்த்தப்படுகிறவர் பின்னால் நிற்பது அதைவிடத் தொன்மையான மரபு.

மரபு வழுவவில்லை. செயலாளர் பச்சைச் சால்வையை அந்தோணியம்மாளின் தோள் இருக்கும் திசையில் போட்டார். பிறகு மூன்றடி முன்னால் வந்து, கைகூப்பி, மேடையின் நடுவில் மலர்ந்தார். அவர் தோளுக்கு மேலே பின்னால் ஓரமாக அவள் முகம் தெரிந்தது.

"புள்ளி நடுவுல இருக்கா?"

"இருக்கு சார்."

"மூக்கு?"

"தள்ளியே வச்சிருக்கேன் சார்."

மூக்கு தள்ளித்தான் இருந்தது. டேப்பின் ஒரு முனை மட்டும் எழும்பியிருந்தது. அதற்கடியில் இருதயராஜின் கட்டைவிரல் இருந்தது. சிவப்புப் புள்ளி நடுவிலிருந்து நகர்ந்து, ஓரமாகப் போய், அந்தோணியம்மாளின் கண்ணில் நின்றது. நெம்புகோலைத் திருப்பிப் பூட்டிவிட்டுத்தான் படம் எடுத்தார். ஒரு தடவைக்கு நான்கு தடவையாக எடுத்தார்.

கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே பிரிண்ட் போட கேம்ப்புக்கு பஸ் ஏறினார். மறுநாள் புனே ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக ஒரு கவரை நீட்டினார். அந்தோணியம்மாள் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பல்லு கூடத் தெரியுதேப்பா! ஆமா, முன்னால வெள்ளையா நிக்கறது யாரு?"

"யாருமில்லக்கா. அடுப்புப் புகை."

அவசரக் கூட்டம் மறுபடியும் கூடியது. மூக்கிடம் இரண்டாம் முறை விளக்கம் கேட்கப்பட்டது. இருதயராஜ் முறைப்படி எழுத்துமூலம் தந்தார். வசந்தகுமார் அதை உரக்கப் படிக்கத் தொடங்கி, பாதியில் குரல் தாழ்ந்து, முடிவில் வாயை மட்டும் அசைத்தார்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, பொருள்: மூக்கு தொடர்பாக. என் மூக்கு நிரபராதி. இம்முறை புள்ளியை நகர்த்தியது என் கட்டைவிரல், வேண்டுமென்றே நகர்த்தியது. போன வருடம் அது நகர்ந்தது தற்செயல்தான். அதற்கு முன் இருபத்தேழு வருடங்கள் நம் படங்களில் அந்த அக்காவின் முகம் விழாமல் போனதே, அதுவும் தற்செயல்தானா என்று துணைக்குழு கூடி விசாரித்து எனக்குத் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."