புள்ளிமான் தவமணியின் சர்டிபிகேட்

ஒரு காட்டுல ஒரு மொழியியல் துறை இருந்துச்சு. காட்டுக்கு எதுக்கு மொழியியல் துறைன்னு கேக்காதீங்க. ஊருக்கு எதுக்குன்னே, முப்பத்தோரு வருஷம் அதுல பாடம் நடத்தின எனக்குத் தெரியல. "மொழியை ஆராய்ச்சி பண்றோம்"னு சொன்னா, "அப்ப உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?"னு கேப்பாங்க. தமிழும், ரயில்ல சீட்டு கேக்கற அளவுக்கு இந்தியும்னு சொன்னா, பாவமா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுவாங்க.

சரி, காட்டுக்கு வரேன்.

அங்க தவமணின்னு ஒரு புள்ளிமான் எட்டு வருஷமா பிஎச்.டி. பண்ணிட்டிருந்துச்சு. தீசிஸ் எழுதி முடிச்சாச்சு. ஆனா ஒரு கருத்தரங்குலயாவது கட்டுரை வாசிச்ச சர்டிபிகேட்டை இணைச்சாத்தான் தீசிஸை வாங்குவாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதை விட்டா எட்டு வருஷமும் போச்சு, முதல்லேருந்து பதிவு பண்ணணும்.

மரத்து மேல கருங்குரங்கு "புலி"ன்னு கத்தினா, கீழ நிக்கற மானோட மனசுல என்ன படம் வருது? இதுதான் தவமணியோட ஆராய்ச்சி. மூணு வருஷம் ஒரே புளியமரத்தடியில உக்காந்து தகவல் சேத்துச்சு. கண்டுபிடிச்சது என்னன்னா, சத்தம் காதுல விழுந்ததும் மனசுல புலி படம் வருது. படம் வந்ததும், யோசிக்கறதுக்கு முன்னாடியே கால் ஓடிருது. ஒவ்வொரு மானுக்கும் பொறந்த அன்னிக்கே தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அதுக்கு அடிக்குறிப்பு போட்டது தவமணிதான்.

நான் மட்டும் என்ன கிழிச்சேன். குழந்தைங்க அம்மா பேசறதைக் கேட்டுத்தான் பேசக் கத்துக்குதுன்னு நானூறு பக்கம் எழுதினேன். எங்க மாமியார் பொறுமையா கேட்டுட்டு, "இதுக்கா நாலு வருஷம் சாம்பார்ல உப்பு போட மறந்தே?"ன்னாங்க.

தவமணியோட நல்ல நேரம், அந்த வாரம் புதன்கிழமையே துறைத்தலைவர் கஜபதி ஒரு கருத்தரங்கு வெச்சுது. கஜபதின்னா யானை. தலைப்பு, 'மொழியும் மனமும்'. சிறப்பு விருந்தினரா சிங்கத்தைக் கூப்பிட்டாங்க. அதுக்கு அன்னிக்கு வீட்டுல வளைகாப்பு. சரின்னு புலியைக் கூப்பிட்டாங்க. யானையைத்தான் புலி ஒண்ணும் பண்ணாதே, அதனால கஜபதிக்கு அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல.

அழைப்பிதழை வாங்கிப் பாத்த புலிக்கு வாயெல்லாம் தண்ணி. காலை பத்தரை, முயல். பதினொண்ணேகால், காட்டுப்பன்றி. பன்னெண்டு மணி, புள்ளிமான். "பரவாயில்லையே, நேரம் போட்டுப் பரிமாறுறாங்களே"ன்னு நினைச்சுகிட்டு, புள்ளிமானுக்கு நேரா நகத்தால ஒரு டிக் அடிச்சுது.

அழைப்பிதழ் கொடுக்கப் போன நரிதான் அமைப்புச் செயலாளர். அதுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா செயலாளர்னா யாரு? நிகழ்ச்சி நல்லபடியா நடக்கணும், போட்டோ வரணும், அவ்வளவுதான்.

"இந்த மான் கொஞ்சம் முன்னாடி வராதா?"ன்னு புலி கேட்டுச்சு.

"நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சு, ஐயா. அதோட, சர்டிபிகேட் கொடுத்து, போட்டோ எடுத்தப்புறம்தான் சாப்பாடு. அது வழக்கம்."

"பொறுத்துக்கறேன்"னு புலி சொல்லுச்சு.

புதன்கிழமை வந்துச்சு. குத்துவிளக்கு ஏத்தினாங்க. காத்துல அணைஞ்சுது, மறுபடி ஏத்தினாங்க. புலிக்குப் பொன்னாடை போத்தினாங்க. மத்த மிருகமெல்லாம் பயப்படலையான்னு கேப்பீங்க. பயம் இருந்துச்சு. ஆனா பொன்னாடை போத்தி முன் வரிசையில உக்காந்தவரைப் பாத்து ஓடறது மரியாதை இல்லைன்னு நினைச்சுட்டாங்க. முயலும் பன்றியும் வாசிச்சு முடிச்சு, தங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னதும், கருத்தரங்கு சிறப்பா நடக்குதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

தவமணி மரத்தடியில நின்னு தன் தாளைப் பாத்துகிட்டிருந்துச்சு. மேல கிளையில சடையன். மூணு வருஷமா அதோட ஆராய்ச்சிக்காகக் கத்திக் கொடுத்த கருங்குரங்கு அதுதான்.

"ஏ தவமணி, மேலேருந்து பாத்தேன், புலி அழைப்பிதழ்ல உன் பேருக்கு நேரா டிக் அடிச்சு வெச்சிருக்கு."

"நிஜமாவா?" தவமணிக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. "என் கட்டுரைச் சுருக்கத்தைப் படிச்சிருக்கார் போல."

"உன்னையே படிக்கப் போகுது. ஓடிரு."

"நீ தகவலாளி, சடையா. தகவல் மட்டும் கொடு. விளக்கம் நான் சொல்லிக்கறேன்."

"நல்லா விளக்கு. மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், நன்றியுரையில என் பேரைக்கூடப் போடல, 'ஒரு குரங்கு'ன்னு போட்டிருக்கே."

பன்னெண்டு மணிக்குத் தவமணி மேடை ஏறுச்சு. அமர்வுத் தலைவர் ஆந்தை. பகல்ங்கறதால தூங்கிட்டிருந்துச்சு. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் தலைமை தாங்கின அமர்வுல பாதி எனக்கு நினைவே இல்லை. ஒரு தடவை என் கட்டுரையைக் கேக்க மூணே பேர். ஒருத்தர் தலைவர், ஒருத்தர் அடுத்து வாசிக்கறவர், மூணாவது மைக் செட் பையன். அந்தப் பையன்தான், "மேடம், இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான். "கால அவகாசம் இல்லை"ன்னு சொல்லி உக்காந்துட்டேன்.

தவமணி ரெண்டு பக்கம் வாசிச்சிருக்கும். புலி நாக்கால மீசையை நக்கிட்டு நாற்காலி நுனிக்கு வந்துச்சு. அதைப் பாத்த சடையன் கிளையை உலுக்கி, "புலி, புலி, புலி"ன்னு கத்துச்சு.

கூட்டமே கை தட்டுச்சு. நேரடிச் செயல்விளக்கம்னு நினைச்சுட்டாங்க. கஜபதி தும்பிக்கையைத் தூக்கி, "பிரமாதமான ஏற்பாடு"ன்னுச்சு.

தவமணிக்குப் புரிஞ்சுது. முன் வரிசையைப் பாத்துச்சு, டிக் எதுக்குன்னும் தெரிஞ்சுது. கால் நாலும் ஓடுன்னுச்சு. ஆனா இன்னும் மூணு பக்கம் பாக்கி. முடிக்காம போனா சர்டிபிகேட் கிடையாது. பல்லைக் கடிச்சுகிட்டு, "இதிலிருந்து தெரிய வருவது என்னவென்றால்"னு வாசிச்சு முடிச்சுது.

ஆந்தை முழிச்சு, "கேள்வி ஏதும் உண்டா?"ன்னுச்சு.

காட்டுப்பன்றி எழுந்துச்சு. "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து. சேத்துல புரண்டவனுக்குத்தான் சேறுங்கற சொல்லே புரியும்னு நான் போன வருஷமே சொல்லியிருக்கேன். அதைக் கட்டுரையாளர் குறிப்பிடல." இப்படியே இருபது நிமிஷம். வாழ்க்கையில முதல் தடவையா, ஒரு ஆராய்ச்சி மாணவி அந்த மாதிரிப் பேச்சு இன்னும் நீளாதான்னு ஏங்குச்சு.

பன்றி உக்காந்ததும் புலி மைக்கை வாங்குச்சு. "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்மா. சத்தம் கேட்டா யோசிக்காம கால் ஓடும்னு சொன்னே. அந்தக் குரங்கு கத்தினப்ப நீ ஏன் ஓடல?"

எட்டு வருஷக் கொள்கையை ஒரே கேள்வியில உடைச்சுப்போட்டுச்சு. அதுவும் படிக்காத புலி. படிச்சவங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க, அவங்க கட்டுரையைக் கேட்டிருக்கவே மாட்டாங்க.

தவமணி நல்ல புத்திசாலி. "அருமையான கேள்வி, ஐயா. அது முன்னோட்டம். இப்ப செஞ்சே காட்டறேன். சடையா, இன்னொரு தடவை கத்து."

சடையன் வயித்துலேருந்து கத்துச்சு. தவமணி மேடையிலேருந்து ஒரே தாவு. பந்தலைத் தாண்டி, மூங்கில் புதரைத் தாண்டி, ஆத்தையும் தாண்டிப் போயிருச்சு. கை தட்டல் நிக்கவே இல்லை. புலி துரத்த எழுந்துச்சு, பொன்னாடை நாற்காலியில மாட்டிகிச்சு.

நரி மெதுவா அதைப் பிரிச்சுவிட்டு, "உக்காருங்க ஐயா. வருவா. சர்டிபிகேட் நம்மகிட்டதானே இருக்கு"ன்னுச்சு.

நியாயமா கதை இங்கயே முடியணும். ஆபத்துல புத்தி உதவும்னு நீதி சொல்லிட்டு எழுந்து போயிடலாம். ஆனா தவமணி எங்க துறை ஆளாச்சே.

ஆத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிட்டு நின்னப்ப மைக்குல கஜபதி குரல் கேட்டுச்சு. "சிறந்த கட்டுரைக்கான பரிசு தவமணிக்கு. சர்டிபிகேட்டுகளைச் சிறப்பு விருந்தினர் தம் கையால் வழங்குவார். நேர்ல வந்து வாங்கறவங்களுக்கு மட்டும்."

தவமணி ஆத்துல காலை வெச்சுது. சடையன் மரத்துக்கு மரம் தாவி ஓடி வந்துச்சு.

"எங்க போறே?"

"இதோ வாங்கிட்டு வந்துடறேன்."

"புலி அங்கதான் இருக்கு."

"வெள்ளிக்கிழமையும் இருக்கே, சடையா."

சடையன் தொண்டை கிழியக் கத்துச்சு. "புலி, புலி." தவமணி காதுல நல்லாவே விழுந்துச்சு. மனசுல படமும் வந்துச்சு. ஆனா புலி படம் இல்லை. கையெழுத்தும் சீலும் போட்ட சர்டிபிகேட் படம். கால் யோசிக்காம ஓடுச்சு, கொள்கைப்படியே. திசைதான் வேற.

சிரிக்காதீங்க. நூத்திரெண்டு டிகிரி காய்ச்சலோட, முன்பதிவு இல்லாத பெட்டியில நின்னுகிட்டே போய் சர்டிபிகேட் வாங்கினவ நான். இப்ப அரிசி டப்பாவுல பல்லி விழாம அதை வெச்சுத்தான் மூடியிருக்கேன்.

தவமணி மேடை ஏறுச்சு. புலி சிரிச்ச முகமா சர்டிபிகேட்டை நீட்டுச்சு. போட்டோ எடுக்கற கொக்கு, "மேடம், ஐயா பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வாங்க"ன்னுச்சு. நெருங்குச்சு. "இன்னும் கொஞ்சம்." இன்னும் நெருங்குச்சு. போட்டோ நல்லா வந்துச்சு. அதுக்கப்புறம் சாப்பாடு.

சர்டிபிகேட்டை மட்டும் புலியால மெல்ல முடியல. நரி எல்லாத்தையும் லேமினேட் பண்ணி வெச்சிருந்துச்சு. துப்பினதைக் கஜபதி எடுத்துத் துடைச்சு, தீசிஸோட இணைச்சு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒப்படைச்சுது. ஏத்துகிட்டாங்க. எல்லா இணைப்பும் சரியா இருந்துச்சாம்.

அடுத்த வருஷக் கருத்தரங்குல புலியே கட்டுரை வாசிச்சுது. 'ஓடின மான் ஏன் திரும்பி வந்தது: ஒரு கள ஆய்வு'. முன்னுரையில, "இதற்கு முன் தவமணி செய்த பணியை முழுவதும் உள்வாங்கியிருக்கிறேன்"னு பெருந்தன்மையா சொல்லுச்சு. சடையன் மட்டும்தான் மேலேருந்து கத்துச்சு. நேரடிச் செயல்விளக்கம்னு எல்லாரும் கை தட்டினாங்க. நானும் அந்த வரிசையில இருந்திருந்தா தட்டியிருப்பேன். தட்டாதவங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு டோக்கன் கொடுக்க மாட்டாங்க.

நீதி: உயிரை யாராலயும் காப்பாத்திக் கொடுக்க முடியாது. அதனால சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணித்தான் தரணும்னு மொதல்லயே சொல்லி வெச்சுடுங்க.