அந்தமானுக்குக் கயிறு சாத்திய கதை

நான் ஒருமுறை இறைவனை ஏமாற்றப் பார்த்தவன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டது என் மனைவி. (அதுதான் வினை.)

வங்காளத்துப் பவானிபூரில் நாங்கள் குடியேறி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. வங்கி அதிகாரியாக வந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் திருநெல்வேலிக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டேன். காலையில் மூன்று பதிகம், மாலையில் இரண்டு என்று ஓதுவது என் நியமம். எந்தப் பாட்டின் முதற்சீரைச் சொன்னாலும் மீதியைப் புத்தகம் பாராமல் சொல்லக்கூடியவர் என்று இங்குள்ள தமிழர்களிடையே எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் சிறிதன்று.

மனைவி சிவகாமிக்கு அறுபது நிறைந்தது. ஜாதவ்பூரில் இருக்கும் எங்கள் மகள் மீனாவும், அவள் கணவன் அனிர்பானும் எங்கள் இருவரையும் ஐந்து நாள் எங்காவது அனுப்பிவைக்க விரும்பினார்கள். பேசிப் பேசி இரண்டு இடங்கள் எஞ்சின. ஒன்று சுந்தரவனக் காடு. வேனில் போய்ப் படகேறிப் புலி பார்ப்பது. மற்றொன்று அந்தமான் கடற்கரை. விமானத்தில் இரண்டு மணி நேரம்.

"எனக்கு அந்தமான்தான்," என்றாள் சிவகாமி, யாரும் கேட்கும் முன்பே. "ராமேஸ்வரம் பாத்தாச்சு, பூரி பாத்தாச்சு, கங்காசாகர் பாத்தாச்சு. எல்லாம் முழுக்குப் போட்ட கடலு. ஒரு தடவையாவது சும்மா காலை நனைச்சுக்கிட்டு நிக்கணும்."

எங்கள் இல்லறத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பயணம் அது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எனக்கு விமானம் என்றால் பயம்.

பயம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தேன். விமானத்தில் செல்பவனின் பாதம் எத்தனை கோபுரக் கலசங்களுக்கு மேலாகக் கடந்து போகிறது, அது எத்தகைய அபசாரம் என்பது என் வாதம். சாந்த்ராகாச்சியில் ரயிலேறி ஊர் போய்ச் சேரும் ஒவ்வொரு முறையும், அடியவனுக்குரிய பணிவோடு தரையில் ஊர்ந்து செல்வதாகவே சொல்லிக்கொள்வேன். ஒரு நவராத்திரிக் கூட்டத்தில் இதுபற்றி அரைமணி நேரம் பேசியதில் உருகிப்போன ஒருவர் தம் விமானச் சீட்டையே ரத்து செய்தார். (தங்கை மகன் திருமணத்துக்கு மறுநாள்தான் ஊரில் போய் இறங்கினார், பாவம்.)

இம்முறையும் அதையே எடுத்து விரித்தேன். அனிர்பான் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மீனாவிடம் கற்ற தமிழில் சொன்னான்: "பாபா, நான் மேப்ல பாத்தேன். கரை தாண்டினா முழுக்கக் கடல். அந்தமான் வரைக்கும் ஒரு கோபுரம்கூட இல்ல."

தத்துவம் வங்காள விரிகுடாவில் மூழ்கிற்று. வேறு வழி தோன்றாமல், "பெருமானையே கேட்போம், கயிறு சாத்திப் பார்ப்போம்," என்றேன்.

பதிகப் புத்தகத்தைப் பூசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் ஏடுகளுக்கிடையே ஒரு கயிற்றை நுழைப்பது; கயிறு விழுந்த பக்கத்தில் வரும் பாட்டை இறைவன் கட்டளையாகக் கொள்வது. எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பதிலிருந்து வீடு மாறுவது வரை அப்படித்தான் முடிவாயிற்று. அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாள் மதியம் சிவகாமி கண்ணயர்ந்திருந்தபோது புத்தகத்தை எடுத்தேன். காட்டில் ஆடுபவனை, புலித்தோல் உடுத்தவனைப் பாடும் பதிகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தேட வேண்டியதில்லை. அவ்விடத்தில் ஏடுகள் சற்றே விலகி நின்றால் கயிறு தானே அங்கு போகும். கைக்கு அகப்பட்ட கெட்டியான பொருள் என் மெட்ரோ அட்டை. அதைச் செருகி, புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தேன். (அன்று கூசவில்லை. அதை நினைத்தால்தான் இன்று கூசுகிறது.)

ஞாயிறு காலை எல்லோரும் கூடினார்கள். மேல்மாடியில் குடியிருக்கும், நாங்கள் பௌதி (அண்ணி) என்று அழைக்கும் வங்காளப் பெண்மணியும் வந்திருந்தார். என் நேர்மையை நிலைநாட்ட, கயிற்றைச் சிவகாமியிடமே கொடுத்தேன். அவள் கண்ணை மூடி, உதடு அசைய நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு கயிற்றை நுழைத்தாள்.

காடு. புலித்தோல். இரண்டும் ஒரே பாட்டில்.

நானே புத்தகத்தைப் பிரித்து, அட்டையை யாரும் காணாமல் அடுத்த ஏட்டுக்குள் தள்ளிவிட்டு, கால்மணி நேரம் பொருள் சொன்னேன். இறைவன் நம்மைக் கானகத்துக்கு அழைக்கும் கருணையை விளக்குகையில் எனக்கே கண் கலங்கிவிட்டது. சிவகாமி புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெருமானே சொல்லியாச்சு. அப்புறம் என்ன? காட்டுக்கே போவோம்," என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் காபி போட எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் பாட்டை இன்னொரு முறை பாடினேன்.

அனிர்பானுக்கு இது பெரிய அதிசயம். இறைவன் கட்டளையிட்ட பக்கத்தைப் படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்ப விரும்பிப் புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்தான். அட்டை வழுக்கி வந்து பௌதியின் மடியில் விழுந்தது.

"பாபா, உங்க மெட்ரோ கார்டு," என்றான் அவன், காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கும் மகிழ்ச்சியோடு.

"பக்கத்துக்கு அடையாளமா வச்சேன்," என்றேன்.

"எந்தப் பக்கம்னு பெருமான்தானே சொல்லணும்?" என்றாள் மீனா. "நீங்க முந்தியே அடையாளம் வச்சுட்டீங்களாப்பா?"

பௌதி விவரம் கேட்க, மீனா வங்காளத்தில் ஒன்றும் விடாமல் சொன்னாள். பௌதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சிவகாமி காபித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். "எதுக்குங்க?"

ஆயிரக்கணக்கில் பாட்டுத் தெரிந்த வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"பயம்," என்றேன்.

"எதுக்குப் பயம்?"

"பிளேனுக்கு."

"அப்ப கோபுரம்?"

"கோபுரமும் அதுதான்."

தட்டை மேசையில் வைத்தாள். "பயம்னு சொல்லியிருந்தா நானே காட்டுக்கு வந்திருப்பேன். அதுக்குப் பெருமானையா பொய் சொல்ல வைக்கணும்?" கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு மேல்மாடிக்காரர் பக்கம் திரும்பி, "பௌதி, அந்தமான் ஜாபேன்?" என்று, அந்தமானுக்கு வருகிறாரா எனக் கேட்டாள்.

"ஜாபோ," வருகிறேன் என்றார் பௌதி. யோசிக்கும் அளவுக்குக்கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

இருவரும் விமானத்தில் போனார்கள். ஐந்து நாளும் நான் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பௌதியின் கணவர் மாலைதோறும் கீழே இறங்கி வந்து என் எதிரே அமர்ந்து, தம் மூக்குக்கண்ணாடி எங்கே, பனியன் எங்கே என்று என் புத்தகத்தில் கயிறு சாத்திப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சிவகாமி நன்றாகக் கறுத்துத் திரும்பினாள். திருநீற்றுப் பொட்டலம் இல்லாமல் அவள் பெட்டி வீடு திரும்பியது அதுவே முதல்முறை. மறு ஆண்டும் இருவரும் போனார்கள், வேறொரு தீவுக்கு.

அன்றிலிருந்து நான் எதற்காவது உயர்ந்த விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் மீனா, "காரணமா, பயமா?" என்பாள். அனிர்பான் தன் உச்சரிப்பில் கேட்பான். இப்போது பௌதியின் கணவருக்கும் அந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் தெரியும்.

சென்ற மாதம் என் வலக்கண் புரை அறுவைக்கு மருத்துவர் நாள் குறித்தார். அன்று எனக்குச் சந்திராஷ்டமம், ஆகாது என்று வீட்டில் அறிவித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த சிவகாமி தலை நிமிராமலே, "காரணமா, பயமா?" என்றாள்.

"பயம்," என்றேன்.

"அப்ப நானும் கூட வாரேன்," என்று சொல்லி அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.