ஆறடி மாமாவும் குட்டைக் குதிரையும்

அரைகுறையாகப் படித்தவனை வளைகாப்புக்குக் கூப்பிடக் கூடாது. என்னைக் கூப்பிட்டார்கள். (சொந்தத் தம்பியை எப்படி விடுவது?)

எரியோட்டில் அக்கா வீடு. அக்கா என் தோளுக்குக்கூட வரமாட்டாள். மாமாவோ நிலைவாசலில் குனியாமல் நுழைந்ததே இல்லை. அவருக்குக் குதிரைவண்டிப் பந்தயக் கிறுக்கு. கொட்டத்தில் நின்ற குட்டைப் பெட்டைக்குதிரை வெள்ளச்சிக்கு, மலைபோல ஒரு பொலிக்குதிரையைச் சேர்த்துவிட்டிருந்தார். அக்காவைப் போலவே அதற்கும் நிறைமாதம்.

கை நிறைய வளையலோடு அக்கா புளியோதரையில் கை வைத்த நேரம், முந்தின நாள் கைபேசியில் பெற்ற ஞானம் எனக்குள் பொங்கியது.

"மாமா, பெரிய தப்புப் பண்ணிட்டீங்க. தகப்பன் அம்புட்டு உசரம், தாய் இம்புட்டுத்தான். குட்டி வயித்துலயே சிக்கிக்கிரும். தாய் பொழைக்கிறதே கஷ்டம்."

அக்கா மாமாவைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள் (அதற்கே செத்த நேரம் ஆகும்). பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

"அய்யோ, நான் குதிரையச் சொன்னேன்க்கா!"

"ஏலே, எனக்கும் அதே கணக்குத்தானே!"

அவ்வளவுதான். அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக வாசலில் வேன் நிற்கிறது. நல்ல நேரம் ஓடுகிறது. "வெள்ளச்சி பெத்துப் பொழைக்கட்டும். அப்புறம் வாரேன்" என்று கொட்டத்து முன்னால் நாற்காலி போட்டுவிட்டாள். மாமா தன் உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பவர் மாதிரி சுவரோரம் குந்திவிட்டார்.

அம்மா என் பக்கத்தில் வந்து, "வாயில இன்னும் மிச்சம் இருந்தா அதையும் கக்கிரு அப்பு" என்றாள்.

மறுநாள் காலையில் வெள்ளச்சி படுத்தது. நான் சொன்னது பலித்துத் தொலைத்தால்? முன்னங்கால் இரண்டு வந்தன. அவற்றின்மேல் மூக்கு. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் மீதியெல்லாம் வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. தாய்க்குத் தக்க சின்னக் குட்டி!

அதிர்ச்சி தாங்காமல் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

"தாய் வயித்துல இருக்கிற இடத்துக்குத் தக்கதான் குட்டி வளரும் தம்பி. தகப்பன் உசரமெல்லாம் பொறந்த பெறகு மெல்லத் தெரியும். இத எங்க படிச்சீங்க?"

எங்கே படித்தேன்? 'சின்னத் தாய், பெரிய தகப்பன்: குட்டி சிக்குமா?' என்ற தலைப்பை மட்டும் பார்த்தேன். 'பெரும்பாலும் சிக்காது' என்று முதல் வரியிலேயே இருந்ததாம்.

அக்கா வேனில் ஏறினாள். அவள் மகளும் சுகமாகவே பிறந்தாள். வெள்ளச்சியின் குட்டி இப்போது தாயைவிட உயரம். குறைந்துபோனவர் மாமா மட்டும்தான். எந்த விசேஷ வீட்டிலும் நான் வாயைத் திறந்தால் போதும், சபை நடுவே முழங்காலை மடக்கிக் குந்திக்கொண்டு கேட்பார்:

"இப்பச் சொல்லுங்க மாப்ள, அளவு சரியா இருக்கா?"