உழுத ரோட்டில் இறங்கிய ஜீப்

சிங்காநல்லூர்,
1963 ஆவணி.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ரங்கராஜுக்கு மாமன் லட்சுமணசாமி, ஐயாசாமி வாத்தியார் கையால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மாடு கன்றும் சுகம். வருமானவரி ஆபீசர் மட்டும் சுகமில்லை. ஜீப்பிலிருந்து குதித்ததில் கால் பிசகிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. நான் சைட் சைட்டாக விற்றது நில வியாபாரமாம், வரி கட்ட வேண்டுமாம். இந்த வயதில் என்னை வியாபாரி என்கிறார்! ஆடிட்டரிடம் குமாஸ்தாவாக இருக்கும் நீங்கள் இதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டவும். அது பாட்டன் விட்டுப்போன பூமி. கிணறு வற்றிய வருசம் மில்லில் மிஷின் மாட்டும் பிட்டர் பஷீர் வந்து, "ஏனுங்க, ஊடு கட்ட ஒரு துண்டு குடுங்க" என்றான், கொடுத்தேன். "அவனுக்கு மட்டுந்தானுங்களா?" என்று மில்லே திரண்டு வந்து நின்றது, கொடுத்தேன். எல்லோரும் சோளத்தை மிதித்து நடந்ததால் தடம் விட்டேன், எதிரெதிரே வந்த வண்டிமாடுகள் முட்டிக்கொண்டதால் தடத்தை அகலமாக்கினேன், அதை மனை பிரித்து விற்கப் போட்ட லேஅவுட் ரோடு என்கிறார். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் ஆடு மேய்ந்த சண்டை தீர எல்லைக்கல் நட்டேன், கல்லில் ஆட்கள் இடித்துக்கொண்டதால் சுண்ணாம்பு அடித்தேன், அது விளம்பரமாம்!

நான் விவசாயி என்று காட்ட, ஆபீசர் பார்வையிட வந்த அன்று விடியக்காலையில் அந்த ரோட்டையே உழுது கொள்ளு விதைத்துப்போட்டேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜீப் அச்சுவரை இறங்கிவிட்டது. குதித்துச் சகதியில் நின்றுகொண்டு, "என்ன பெரியவரே, ரோட்டுல வெள்ளாமை?" என்றார். "கொள்ளுங்க சாமி. மூணு மாசம் கழிச்சு வாங்க, ரசம் வச்சுத் தாரேன்" என்றேன். பஷீர் சம்சாரம், "ஏனுங்க தாத்தா, ஊட்டுக்கு நாங்க பறந்தா போறதுங்க?" என்று சத்தம் போட்டாள். கடைசியில் என் மாட்டைப் பூட்டித்தான் ஜீப்பை வெளியே இழுத்தோம். எந்த வியாபாரி வீட்டில் ஏர்மாடு நிற்கிறது, கேளுங்கள்!

விற்றது நிசம். விற்பதற்கென்று ஒரு சாண் பூமி நான் வாங்கியதில்லை. அவிநாசியப்பன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஒரு காசு வரி கட்டமாட்டேன். ஜெயிலில் போட்டால் அங்கேயும் உழுவேன்.

மகள் ரங்கநாயகி பூவும் பொட்டுமாக இருக்கட்டும், பேரன் பசியறியாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
விவசாயி லட்சுமணசாமி (கைநாட்டு)

பி.கு.: இதை ஆடிட்டருக்குப் படிக்க வேண்டாம். கிழக்கே காட்டுக்காரி மாரியாத்தாளின் மூன்று ஏக்கர் விலைக்கு வந்தது. விட மனசில்லை, பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாயிற்று. பத்திரத்தை உங்கள் பேரில் வியாழக்கிழமையே பதிந்துவிட்டால், வெள்ளிக்கிழமை என் சத்தியம் பொய்யாகாது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை ரோட்டை முதலிலேயே அகலமாக விட்டுவிடுவோம்.