அப்பீலில் போன ஃபைனல்

தண்டனை சின்னதாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் ஒரு ஃபைனல் கையைவிட்டுப் போய்விட்டது.

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெத்தாங்க் ஆடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். (இரும்புக் குண்டை எறிந்து ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இதற்கே ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒன்று, அப்பீல் குழு ஒன்று!) அணிக்கு மூன்று பேர். எங்கள் அணியில் நான்தான் புலி. என் மனைவி ஜெசிந்தா உபரி ஆட்டக்காரி. நடுவர் அவளுடைய அப்பா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். (மருமகன் ஆட்டத்துக்கு மாமனார் நடுவரா என்று கேட்காதீர்கள். அந்த வெயிலில் நிற்க வேறு ஆள் கிடையாது.)

எங்களை ஃபைனலுக்குத் தகுதிபெற வைத்த லீக் ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கு மாமா டேப் வைத்து அளந்து, எதிரணிக்கு என்றார்.

"மொதல்ல கண்ணாடிய மாத்துங்க மாமா!" என்று கத்தி, மரக்குண்டை ஓர் உதை விட்டேன்.

ஒரு மேட்ச் தடை. அடுத்த ஆட்டம் சேதராப்பட்டு ஃபேக்டரிக்காரர்களோடு. லீக்கில் மிச்சமிருந்த கடைசி ஆட்டம், தோற்றாலும் எங்களுக்கு நஷ்டமில்லை.

"ஒரு மேட்ச்சுதானே மாப்ள. ஒக்காந்து வேர்க்கடல சாப்புடுங்க," என்றார் மாமா.

"மானப் பிரச்சினை மாமா!"

அப்பீல் போட்டேன். தீர்ப்பு வரும்வரை தடை நிறுத்திவைக்கப்படும் என்பது விதி. "பாத்தியா?" என்று ஜெசிந்தாவிடம் மார்தட்டிவிட்டு, சேதராப்பட்டோடு ஆடி ஜெயித்தேன். ஃபைனலுக்கென்று புதுத் தொப்பியும் வாங்கினேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள் விசாரணை. அப்பீல் குழுத் தலைவி லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துபவர்.

"மரக்குண்ட ஒதச்சீங்களா சார்?"

"ஒதைக்கல மேடம். காலு பட்டுச்சு."

"நாலு வீடு தள்ளி சாக்கடையிலேர்ந்து எடுத்தாங்களாமே?"

"லேசாப் பட்டாலே அப்படித்தான் ஓடும் மேடம். செஞ்சு காட்டறேன்." (எவன்டா கேட்டான் உன்னை?)

மரக்குண்டைத் தரையில் வைத்து லேசாகத் தட்டினேன். பாவி, ஒரு சாண் உருண்டு நின்றுவிட்டது. பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். சாட்சி சொல்ல வந்திருந்த மாமாவின் கணுக்காலில் போய் மோதியது.

"மொன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் துள்ளினார் மனிதர்.

அப்பீல் தள்ளுபடி. தடை அடுத்த ஆட்டத்திலிருந்து.

"மேடம், அது ஃபைனல்!"

"சேதராப்பட்டு மேட்ச்ச ஒக்காந்து பாத்திருந்தா தண்டனை முடிஞ்சிருக்கும். நீங்கதான் ஆடிட்டீங்களே சார்?"

மறுநாள் என் இடத்தில் ஜெசிந்தா ஆடினாள், என் புதுத் தொப்பியோடு. நான் ஓரமாக உட்கார்ந்து, மாமா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றேன். நான் இல்லாமல் இவர்கள் தோற்றால்தான் என் அருமை தெரியும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்ததை மறைப்பானேன்? கடைசிப் புள்ளிக்குத் தகராறு வந்தது. அவள் கத்தவில்லை, உதைக்கவில்லை.

"இன்னொருவாட்டி அளந்துடுங்கப்பா," என்றாள்.

அளந்தார். புள்ளி எங்களுக்கு.

கோப்பை இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. தொப்பி எனக்குத் திரும்பி வரவேயில்லை. போன வாரம் மகளின் போனை ஒரு நாளைக்கு என்று ஜெசிந்தா பிடுங்கி வைத்தாள். மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"இன்னாடி, அப்பா மாதிரி அப்பீல் போறியா?"

"ஐயய்யோ, வேணாம்மா! ஒரு நாளே இருக்கட்டும்."