இரும்பு தோஷமும் என் நெஞ்சுக்குள் இருந்த அம்மனும்

ஓசூரில் அந்த வருஷம் தண்ணீர் லாரிக்குக்கூட அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இரும்புச் சித்தர் எழுந்தருளியிருந்தார். எங்கிருந்து எழுந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. தமிழனிடம் தமிழிலும் தெலுங்கனிடம் தெலுங்கிலும் கன்னடக்காரனிடம் கன்னடத்திலும் பேசினார். தட்டில் தட்சணை போடச் சொல்ல மூன்று பாஷையும் தெரிந்திருந்தது.

அவர் கண்டுபிடித்த வியாதிக்குப் பெயர் இரும்பு தோஷம். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் உடம்பில் இரும்பின் சாபம் இறங்குமாம். குழந்தை இல்லையா, கம்பெனியில் பர்மனென்ட் ஆகவில்லையா, எல்லாம் அதனால்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவனை நிறுத்தி, வெள்ளிப்பூண் போட்ட தண்டத்தை அவன் சட்டைமேல் தடவுவார். பூணில் கறுப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டு சிலிர்த்து நிற்கும். "பாருடா உன் தோஷத்த" என்பார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நாளெல்லாம் லேத் முன்னால் நின்றவன் சட்டையில் இரும்புத்தூள் இல்லாமல் மல்லிகைப்பூவா ஒட்டியிருக்கும்? இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். பெயர் கந்தன், டூல்ரூம் ஃபோர்மேன். தரையில் சிந்தின தூளைக் காந்தம் வைத்து எடுக்கச் சொல்லி தினமும் ஆள் ஏவுகிறவன். கேட்டேனா? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றேன்.

என் நெஞ்சில் ஒரு பேஸ்மேக்கர் உண்டு. தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில். இதயம் சோம்பினால் தட்டி எழுப்புகிற கருவி. அதை வைத்த டாக்டர், காந்தத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார். கம்பெனியில் அதை அப்படியே கடைப்பிடித்தேன். காந்தத்தைக் கண்டால் எட்ட நிற்பேன். சித்தரிடம் மட்டும் பட்டனைக் கழற்றி நெஞ்சைக் காட்டினேன்.

தண்டம் பட்டதும் இதயம் தடதடவென்று ஓடியது. எடுத்ததும் அடங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த சித்தரே கொஞ்சம் மிரண்டுபோனார். தொழில் தெரிந்தவர், சமாளித்துக்கொண்டார்.

"அம்மன் உன் நெஞ்சுல குடியேறிட்டாடா. நான் கூப்புட்டா ஆடறா பாரு."

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு மேடை. எங்கள் கம்பெனி பிரஸ் ஆபரேட்டர் வெங்கடப்பன் என் நாடியைப் பிடித்து, "ஓடுது, ஓடுது" என்று அறிவிப்பான். பெண்கள் காலில் விழுந்தார்கள். ஃபோர்மேன் வேலையில் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை. கொஞ்சம் தாடிகூட விட்டேன்.

"ஏங்க, பெங்களூருக்கு செக்கப்புக்குப் போவணுமில்ல?" என்றாள் என் மனைவி ஜோதிமணி.

"அம்மனே உள்ள இருக்கா. டாக்டர் எதுக்கு?"

"அப்பறம் மாடிப்படி ஏறுனா ஏன் மூச்சு வாங்குது?"

முறைத்தேன். சாமியாடிகள் அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

சில மாதம் போனது. தண்டம் வைத்தாலும் ஓட்டம் பழையபடி இல்லை. வெங்கடப்பன் உதட்டைப் பிதுக்கினான். கூட்டம் முணுமுணுத்தது.

"உன் பக்தி கொறஞ்சி போச்சி" என்றார் சித்தர்.

பதறிப்போனேன். ஒருவேளைச் சோறு, மௌன விரதம், வீட்டிலிருந்த பித்தளைக் குடம் என்று எல்லாவற்றையும் காணிக்கையாக்கினேன். பக்தி ஏறவில்லை, தலைசுற்றல் ஏறியது. ஒருநாள் குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தேன். ஜோதிமணி என்னைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள்.

செக்கப் என்றால் எனக்கு நடுக்கம். படுக்கவைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன், எழுந்திரு என்ற பிறகுதான் திறப்பேன். நடுவில் நெஞ்சு படபடப்பதும் பயத்தால்தான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றும் மூடினேன். வயர்களை ஒட்டினார்கள். சட்டென்று இதயத்தின் ஓட்டம் மாறியது.

"தாயே, வந்துட்டியா" என்று கையெடுத்துக் கும்பிட்டபடி கண்ணைத் திறந்தேன்.

"நான் எப்பவோ வந்துட்டேன் சார், அசையாதீங்க" என்றாள் டெக்னீஷியன் அதியா. கிருஷ்ணகிரிப் பெண். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஒன்றை என் நெஞ்சின்மேல் பிடித்திருந்தாள்.

"அது என்னாம்மா?"

"காந்தம். இத வெச்சா பேஸ்மேக்கர் ஒரே சீரா ஓடும். பேட்டரி நல்லாருந்தா வேகமா ஓடும், தீந்துட்டு வந்தா மெதுவாயிடும். ஒவ்வொரு தடவையும் இத வெச்சுத்தானே பாக்கறோம்?" அவள் காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்தாள். முகம் மாறியது. "ரொம்ப மெதுவா ஓடுது. ஏன் சார் இத்தன மாசமா வரல?"

பேட்டரி தீர்ந்ததற்கு நான் விரதம் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? ஜோதிமணி சொன்னாள். தாடியையும் சேர்த்துச் சொன்னாள்.

அதியா சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் விரதம் இருந்திருந்தீங்கன்னா, இந்தம்மா உங்க போட்டோவுக்கு மால போட்டிருக்கும்."

அந்த வாரமே புதுக் கருவி வைத்தார்கள்.

தையல் பிரித்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜோதிமணி துணி சுற்றின ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"புள்ள கண்ணே தொறக்கல சாமி."

சித்தர் தண்டத்தைத் துணிமேல் தடவினார். பொடி முள்ளம்பன்றியாகச் சிலிர்த்தது.

"கடுமையான தோஷம். அப்பன் வழியில வந்தது. பொறக்கறப்பவே புடிச்சிருக்கு."

ஜோதிமணி துணியைப் பிரித்தாள். துணி, நான் டூல்ரூமில் கட்டுகிற ஏப்ரன். உள்ளே பூசணிக்காய்.

"இது எந்த கம்பெனியில வேல பாக்குதுங்க சாமி? எப்ப பர்மனென்ட் ஆவும்?"

முதலில் சிரித்தவன் வெங்கடப்பன். தண்டத்தைப் பிடுங்கிப் பூணைத் திருகினான். உள்ளே ரேடியோ ஸ்பீக்கர் காந்தம். அவன் நீட்டிய சாவிக்கொத்து டக்கென்று போய் ஒட்டியது. சித்தர் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஓடினார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் கம்பெனிகள் இருக்கின்றன.

மறுவாரம் வெங்கடப்பன் என்னிடம் குசுகுசுத்தான். "அண்ணே, தேன்கனிக்கோட்டப் பக்கம் ஒருத்தரு வந்திருக்காராம். பித்தள தோஷம் எடுக்கறாராம்."

"வெங்கடப்பா, என் நெஞ்சுல இருக்கறது நின்னுபோனா டாக்டரு மாத்தி வெப்பாரு. மண்டைக்குள்ள இருக்கறதுக்கு மாத்து கெடையாது. இருக்கறதத்தான் ஓட்டணும்."

இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறீர்களா? தாராளமாகக் கேளுங்கள். அதே கேள்வியை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அடுத்த சித்தரிடமும் கேளுங்கள்.